தூய்மை, குறை, வெளிச்சம்: பெரோவ்ஸ்கைட் வரலாற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அறிவியலின் வரலாறு நம்மிடம் பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே வந்து சேர்கிறது. யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு, எந்த நாடு, என்ன பரிசு: பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டிப் போடுகிற நாலு விஷயம். இந்தக் கட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றியோ, ஒரு கண்டுபிடிப்பு நிகழ்வதற்கு எந்த மாதிரியான உழைப்பும் மூலதனமும் அதிகார ஏற்பாடும் தேவைப்பட்டன என்பதைப் பற்றியோ வாய் திறந்தால், 'இது அறிவியல் இல்லை, அரசியல்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மறுபுறம் அரசியல் பேசுபவர்களில் பலர், அறிவியலின் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கற்றுக்கொள்ளும் சிரமத்தைத் தவிர்த்துவிட்டு, அதிலிருந்து நாலு உருவகங்களை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டுமே ஒருவகைச் சோம்பேறித்தனம்தான்.

பெரோவ்ஸ்கைட் என்றழைக்கப்படும் குறைக்கடத்திகள் சூரிய ஒளியை மின்சாரமாக்குகின்றன. அதே பொருள் மின்சாரத்தை ஒளியாகவும் மாற்றுகிறது. ஒரே பொருளால் இரண்டும் எப்படி முடிகிறது? இந்தக் கேள்வியைத் தொட்டால் 'தூய்மை' என்கிற சொல்லைத் தொடாமல் போக முடியாது. அந்தச் சொல் நம் சூழலில் எவ்வளவு ரத்தம் குடித்த சொல் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே இங்கே அதை அவசரப்படாமல் கையாள வேண்டியிருக்கிறது.

2

முதலில் பெயரிலிருந்தே தொடங்குவோம். 1839இல் ருஷ்யாவின் யூரல் மலைப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு கனிமத்தை ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்தார். கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம். அதற்கு அவர் வைத்த பெயர் லெவ் பெரோவ்ஸ்கி என்கிற ருஷ்யப் பிரபுவின் பெயர். பெரோவ்ஸ்கி கனிமங்களைச் சேகரிப்பதில் ஆர்வமுள்ளவர். 1841 முதல் 1852 வரை ஜார் முதலாம் நிக்கோலஸின் உள்துறை அமைச்சர். ருஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861 வரை நீடித்தது; யூரல் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த முறைக்குள் கட்டுண்டவர்கள். பூமியைத் தோண்டியவர்கள் பெயர் எதுவும் எந்தக் கனிமத்துக்கும் வைக்கப்படவில்லை.

வரலாற்றின் வேடிக்கை என்னவென்றால், இதே குடும்பத்தில்தான் சோஃபியா பெரோவ்ஸ்கயாவும் பிறந்தார். அமைச்சர் பெரோவ்ஸ்கி அவருடைய தாத்தாவின் சகோதரர். ஜார் இரண்டாம் அலெக்சாண்டரைக் கொல்லும் திட்டத்தை முன்னின்று நடத்தியதற்காக 1881இல் சோஃபியா தூக்கிலிடப்பட்டார். இன்று உலகம் முழுக்கச் சோதனைச்சாலைகளில் உச்சரிக்கப்படும் பெயர் அமைச்சருடையது. இதை ஒரு தகவலாக மட்டும் குறித்துக்கொள்வோம். கனிமத்துக்கும் புரட்சிக்கும் முடிச்சுப் போடுவது நம் வேலையல்ல.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இன்றைய சூரிய மின்கலங்களில் இருக்கும் பெரோவ்ஸ்கைட்டில் கால்சியமும் இல்லை, டைட்டானியமும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. ஈயமும் அயோடினும் இருக்கின்றன. கூடவே சீசியமோ மெத்தில் அம்மோனியம் போன்ற ஒரு கரிம அயனியோ இருக்கிறது. அப்படீன்னா ஏன் இந்தப் பெயர்? பெரோவ்ஸ்கைட் என்பது இப்போது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு அடுக்குமுறையின் பெயர். ஒரு கனசதுரத்தின் மூலைகளில் ஒருவகை அயனி, நடுவில் இன்னொரு வகை, முகங்களின் மையங்களில் மூன்றாவது வகை. எந்தெந்த அளவுள்ள அயனிகள் இந்த அமைப்புக்குள் பொருந்தும் என்பதற்கான கணக்கை விக்டர் கோல்ட்ஷ்மிட் 1926இல் தந்தார். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள், உறவுமுறை மட்டும் அப்படியே நிற்கிறது. அமைப்பியல் படித்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. ஆனால் இங்கே உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அதைப் பிறகு பார்க்கப்போகிறோம்.

3

குறைக்கடத்தியிலிருந்து வெளிச்சம் வருவதை முதலில் எழுதி வைத்தவர் ஹென்றி ஜோசப் ரவுண்ட், மார்க்கோனி நிறுவனத்தின் பொறியாளர். 1907இல் கார்பரண்டம் படிகத்தில் இரண்டு புள்ளிகளுக்கிடையே 10 வோல்ட் கொடுத்தபோது மஞ்சள் நிற ஒளி தெரிந்தது என்று ஒரு பத்திரிகைக்குச் சிறு குறிப்பு அனுப்பினார். அவ்வளவுதான். கம்பியில்லாத் தந்தியில் பணம் கொட்டிய காலம் அது. ஒரு படிகம் மினுங்குவதில் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

அந்த மினுங்கலைத் திரும்பப் பார்த்தவர் ஒலெக் லோசெவ். 1903இல் பிறந்தவர், சோவியத் ருஷ்யாவின் நீஷ்னி நோவ்கோரோத் வானொலிச் சோதனைச்சாலையில் வேலை பார்த்தவர், முறையான உயர்கல்வியை முடிக்காதவர். 1920களில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். படிகம் சூடாவதால்தான் ஒளிர்கிறதா என்று அறிய, ஒளிரும் இடத்தின் மேல் ஒரு திரவத்துளியை வைத்து அது ஆவியாகும் வேகத்தைப் பார்த்தார். வேகம் கூடவில்லை. ஆக இது வெப்பத்தால் வரும் ஒளியல்ல, குளிர்ந்த ஒளி. ஒளி பட்டால் எலெக்ட்ரான் கிளம்புவதை ஐன்ஸ்டைன் விளக்கியிருந்தார் அல்லவா, இது அதன் தலைகீழ் நிகழ்வு என்று லோசெவ் சரியாகவே ஊகித்தார். ஒளியிலிருந்து மின்சாரம், மின்சாரத்திலிருந்து ஒளி. இரண்டும் ஒரே பாதையில் இரு திசைகள் என்கிற எண்ணம் அப்போதே அவரிடம் இருந்தது. இந்த ஒளியைச் செய்தித்தொடர்புக்குப் பயன்படுத்தக் காப்புரிமையும் பெற்றார். 1938இல் ஆய்வேடு எழுதாமலேயே அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது. 1942 ஜனவரியில், நாஜிப் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில் பட்டினியால் செத்தார். வயது 38.

எல்.ஈ.டியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹொலோன்யாக் உருவாக்கிய சிவப்பு விளக்கிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஹொலோன்யாக்கின் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை, சந்தை எங்கிருந்து தொடங்குகிறதோ அதை வெச்சுத்தான் தீர்மானிக்கிறார்கள் என்பது தெரிகிறதல்லவா?

4

சிலிக்கன் காலம் என்பது தூய்மையின் காலம். பெல் சோதனைச்சாலையில் 1954இல் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சுமார் 6 சதவிகிதத் திறனுள்ள சிலிக்கன் சூரிய மின்கலத்தைக் காட்டினார்கள். அதுக்கு முன்னாலேயே அதே இடத்தில் வில்லியம் ஃபான், படிகத்தின் ஒரு பகுதியை மட்டும் உருக்கி, உருகிய வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தி, அழுக்கையெல்லாம் ஒரு ஓரத்துக்குத் தள்ளுகிற முறையைக் கொண்டுவந்திருந்தார். இன்று மின்னணுக் கருவிகளுக்கான சிலிக்கனில் நூறு கோடி அணுக்களுக்கு ஒரு அந்நிய அணு இருந்தாலே அதிகம் என்கிற நிலை. சிலிக்கன் 1414 டிகிரியில்தான் உருகும்; அந்தச் சூட்டில்தான் படிகம் வளர்க்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சுத்தமான சிலிக்கனை வெச்சு ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் போரான், பாஸ்பரஸ் என்று வேற்று அணுக்களைத் திட்டமிட்டுச் சேர்த்தால்தான் மின்கலமே உருவாகும். முதலில் எல்லா அழுக்கையும் வெளியேற்று. பிறகு நாங்கள் தேர்ந்தெடுத்த அழுக்கை, நாங்கள் சொன்ன இடத்தில், நாங்கள் சொன்ன அளவில் உள்ளே விடு. தொழில்நுட்பத்தில் தூய்மை என்பது கலப்பே இல்லாத நிலை அல்ல. உள்ளே யார் வரலாம் என்பதன் மீதான முழுக் கட்டுப்பாடு அது.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு மனிதர்கள் கொடுத்த விலை என்ன? குறைக்கடத்தி ஆலையின் தூய அறையில் தொழிலாளி தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் மூடப்பட்டிருப்பார். அந்த உடை அடிப்படையில் தொழிலாளியைக் காப்பதற்கானதல்ல. தொழிலாளியின் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் சிலிக்கனைக் காப்பதற்கானது. 'அசுத்தம்' அங்கே மனித உடம்பு. தென்கொரியாவில் சாம்சங் குறைக்கடத்தி ஆலைகளில் வேலை பார்த்து ரத்தப் புற்றுநோய்க்கு ஆளான தொழிலாளர்களும், இறந்தவர்களின் குடும்பங்களும் பத்தாண்டுக்கு மேல் போராடிய பிறகு, 2018இல் அந்த நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இன்னொன்று. சூரிய மின்கலத்தின் திறனுக்கு இயற்கை விதிக்கும் எல்லை எது என்று 1961இல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் கணக்கிட்டார்கள். ஒற்றைப் பொருளாலான மின்கலத்துக்கு ஏறத்தாழ 33 சதவிகிதம் என்று இன்று அந்தக் கணக்கைச் சொல்கிறோம். இதே ஷாக்லி 1960களிலிருந்து கறுப்பின மக்கள் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று மேடைதோறும் பேசிக்கொண்டு திரிந்தவர், இனத்தூய்மைவாதி. 'பார், சிலிக்கனின் தூய்மையும் இனத்தின் தூய்மையும் ஒன்றுதான்' என்று உடனே எழுதிவிடக் கை பரபரக்கும். எழுதக்கூடாது. ஷாக்லியின் இனவாதம் பொய். ஷாக்லியின் கணக்கு சரி. ஒன்றைக் காட்டி மற்றதை நிராகரிக்கவும் முடியாது, ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்தவும் முடியாது. ஒரு அறிவாளியின் துறைசார் மேதைமை சமூகத்தைப் பற்றிப் பேச அவருக்குக் கூடுதல் தகுதி எதையும் தந்துவிடுவதில்லை என்பது மட்டுமே இதிலிருந்து கிடைக்கிற பாடம்.

5

சரி, இந்தக் கணக்குக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம்?

குறைக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஒரு கீழ்த்தளமும் ஒரு மேல்தளமும் உண்டு. நடுவில் இடைவெளி. ஒளித்துகளான ஃபோட்டான் வந்து மோதினால் எலெக்ட்ரான் மேலே ஏறுகிறது. கீழே அது விட்டுப்போன காலி இடத்தைத் துளை என்கிறோம். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் வெளியே எடுத்தால் அது சூரிய மின்கலம். தலைகீழாக, மின்சாரம் கொடுத்து எலெக்ட்ரானையும் துளையையும் உள்ளே அனுப்பிச் சந்திக்க வைத்தால், எலெக்ட்ரான் கீழே விழும்போது அந்த ஆற்றல் ஒளியாக வெளியேறும். அது எல்.ஈ.டி. இடைவெளி எவ்வளவோ அதைப் பொறுத்து நிறம். ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டில் இடைவெளி சுமார் 1.6 எலெக்ட்ரான் வோல்ட், அகச்சிவப்பை ஒட்டிய ஒளி. அயோடினுக்குப் பதில் புரோமினைப் போட்டால் சுமார் 2.3, பச்சை.

ஒளியை நன்றாக விழுங்கும் பொருள் ஒளியை நன்றாக உமிழவும் செய்யும் என்பது 1860 வாக்கிலேயே கிர்க்காஃப் சொன்ன விதி. ஷாக்லியும் குவைசரும் அதைத்தான் மின்கலத்துக்குப் பொருத்தினார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் வழிந்தோடும் குழாய் ஒன்று; அதை அடைக்க முடியாது, அது இயற்கை வைத்த குழாய். அடியில் பொத்தல்கள் இருந்தால் தண்ணீர் மேலே ஏறாது, குழாயிலும் வழியாது. குழாயில் வழிகிறது என்றால் தொட்டி நிரம்பியிருக்கிறது, பொத்தல் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் மட்டம்தான் மின்கலத்தின் வோல்ட்டேஜ். வழிகிற தண்ணீர்தான் அது உமிழும் ஒளி. விழுங்கிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதை நஷ்டம் என்று நினைப்போம். ஆனால் திருப்பிக் கொடுக்காத மின்கலம் வேறு வழியில், வீணான சூடாக, அதை இழந்துகொண்டிருக்கிறது. இப்படி உள்ளுக்குள் நிகழும் சேர்க்கைகளில் ஒளியாக வெளியேறும் பங்கு பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு முறையும், அறை வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ட் போய்விடும். நல்ல சூரிய மின்கலம் நல்ல விளக்காகவும் இருந்தாக வேண்டும் என்று எலி யப்லோனோவிச் 2010களின் தொடக்கத்தில் திரும்பத்திரும்பச் சொன்னது இதைத்தான்.

அடியில் உள்ள பொத்தல்கள் எவை? படிகத்தில் ஒரு அணு இல்லாமல் போன இடம், அல்லது தவறான அணு வந்து உட்கார்ந்த இடம். பெரும்பாலான குறைக்கடத்திகளில் இந்தக் குறைகள் இடைவெளியின் நடுவில் ஒரு படியைப் போட்டுவிடும். எலெக்ட்ரான் அதில் மாட்டி, ஒளி தராமல் சூடாக இறங்கிவிடும். அதனால்தான் அத்தனை தூய்மை. சிலிக்கனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் எலெக்ட்ரான் நேராகக் கீழே விழ முடியாது, படிகத்தின் அதிர்வையும் துணைக்கு அழைக்க வேண்டும். ஆகவே அது மிக மங்கலான அகச்சிவப்பைத்தான் தரும்.

6

இந்தப் பின்னணியில்தான் பெரோவ்ஸ்கைட் வந்தது. 1978இல் ஜெர்மனியின் டீட்டர் வெபர் மெத்தில் அம்மோனியம் ஈய ஹாலைடைத் தயாரித்து எழுதினார். 1994இல் ஜப்பானில் சைத்தோ குழுவினர் அடுக்கடுக்கான பெரோவ்ஸ்கைட்டிலிருந்து பிரகாசமான பச்சை ஒளியைப் பெற்றார்கள். ஆனால் திரவ நைட்ரஜனின் குளிரில் மட்டும். அமெரிக்காவில் டேவிட் மிட்ஸி ஐ.பி.எம்மில் இதே வகைப் பொருள்களை 1990கள் முழுக்க ஆராய்ந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2009இல் யொகொஹாமாவின் தோயின் பல்கலைக்கழகத்தில் சுத்தோமு மியாசக்காவின் குழு பெரோவ்ஸ்கைட்டைச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தி 3.8 சதவிகிதம் காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் மியாசக்காவுடையதல்ல, அகிஹிரோ கொஜிமா என்கிற ஆய்வு மாணவருடையது. திரவ மின்பகுளியில் அந்தப் பொருள் கரைந்துபோய்க்கொண்டே இருந்தது. 2012இல் திரவத்தைக் கைவிட்டுத் திடப்பொருளைப் போட்டதும், கொரியாவின் பார்க் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்னெய்த் குழுவும் ஏறத்தாழ 10 சதவிகிதத்தை எட்டின. இன்று 26ஐத் தாண்டிவிட்டது. சிலிக்கன் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டை மின்கலத்தில் சீனாவின் லோங்கி நிறுவனம் 2024இல் 34.6 சதவிகிதம் காட்டியது.

விளக்கின் கதையும் இதேதான். 2014இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்டின் குழு அறை வெப்பநிலையிலேயே ஒளிரும் பெரோவ்ஸ்கைட் எல்.ஈ.டியைக் காட்டியது. அகச்சிவப்பில் திறன் 0.76 சதவிகிதம், பச்சையில் 0.1. நாலே ஆண்டில், 2018இல், சீனாவிலும் இங்கிலாந்திலுமாக மூன்று குழுக்கள் 20ஐத் தாண்டின. 2016இல் கேம்பிரிட்ஜிலிருந்து இன்னொரு விஷயமும் தெரியவந்தது: பெரோவ்ஸ்கைட் உமிழ்ந்த ஒளியை அதே பெரோவ்ஸ்கைட் உள்ளுக்குள்ளேயே மறுபடி விழுங்கி, மறுபடி உமிழ்கிறது. வெளிச்சம் வெளியே போகுமுன் பலமுறை கைமாறுகிறது.

இத்தனைக்கும் இது சுமார் 100 டிகிரிச் சூட்டில், கரைசலைப் பூசிக் காயவைத்துச் செய்கிற பொருள். தடிமன் அரை மைக்ரான் இருந்தால் போதும். சிலிக்கனோடு ஒப்பிட்டால் குறைகள் மலிந்த படிகம். அப்புறம் எப்படி ஒளிர்கிறது?

ஈயத்தின் வெளிக்கூட்டில் இருக்கும் ஒரு ஜோடி எலெக்ட்ரான்கள் பிணைப்பில் முழுசாகக் கரைந்துவிடாமல், கீழ்த்தளத்தின் உச்சியை மேலே தூக்கிவிடுகின்றன. விளைவாக, சுலபமாக உண்டாகக்கூடிய குறைகள் - காலியான ஈய இடம், காலியான அயோடின் இடம் - இடைவெளியின் நடுவில் படி போடுவதில்லை. தளங்களின் ஓரத்திலேயே ஒதுங்கிவிடுகின்றன. குறை இருக்கிறது, ஆனால் பொறியாக மாறுவதில்லை.

7

'ஆகா, தூய்மைவாதத்துக்கு இயற்கையே பதில் சொல்லிவிட்டது' என்று இப்போது யாராவது கிளம்பக்கூடும். வேண்டாம். முதலாவதாக, இது உண்மையில் பாதி. படிகத்தின் மேற்பரப்பிலும், படிகத்துகள்கள் சந்திக்கும் எல்லைகளிலும் உள்ள குறைகள் இங்கேயும் ஒளியைக் கொல்கின்றன. 0.1லிருந்து 20க்குப் போனதில் பெரும்பகுதி அந்தக் குறைகளை வேதிப்பொருள்களால் மூடிய வேலை. அயனிகள் ஓரிடத்தில் நிற்காமல் நகர்கின்றன. ஈரம் பட்டால் பொருள் சிதைகிறது. சிலிக்கன் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதோடு போட்டியிடும் உறுதி பெரோவ்ஸ்கைட்டுக்கு இன்னும் நிரூபணமாகவில்லை. நீல எல்.ஈ.டியின் ஆயுள் இன்னமும் பரிதாபம்தான்.

இரண்டாவது, இதுதான் முக்கியம்: சாதிய ஒழுக்கத்தின் தூய்மையை மறுக்க நமக்குப் படிகத்தின் சாட்சி தேவையில்லை. தேவைப்பட்டால், நாளைக்கே இன்னொரு படிகம் எதிர்ச்சாட்சி சொல்லும். அப்போது என்ன செய்வோம்? இயற்கையிலிருந்து சமூகத்துக்கு நியாயம் கடன் வாங்குகிற பழக்கம்தான் ஷாக்லியின் பழக்கமும்.

அப்படியானால் இந்த வரலாறு நமக்கு எதற்கு? உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்காக. ஒளியைக் காப்பாற்றும் அதே அணு ஈயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நஞ்சு. அதை எடுத்துவிட்டு வெள்ளீயத்தைப் போடலாம் என்று முயல்கிறார்கள். வெள்ளீயம் சீக்கிரமே ஆக்சிஜனேற்றம் அடைந்து குறைகளைப் பெருக்கிவிடுகிறது. ஆக, ஈயம் கவனக்குறைவால் உள்ளே நுழைந்துவிட்ட ஒன்றல்ல. இந்தப் பொருளின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

அளவையும் பார்த்துவிடுவோம். அரை மைக்ரான் தடிமனில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிராம் ஈயம். ஒரு கார் பேட்டரியில் சுமார் 10 கிலோ இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று நிறுவனங்கள் சொல்வது இந்தக் கணக்கை வெச்சுத்தான். ஆனால் பெரோவ்ஸ்கைட்டில் உள்ள ஈயம் நீரில் கரையக்கூடிய உப்பு. கண்ணாடி உடைந்து மழை பெய்தால் அது மண்ணுக்குள் போகும். அதுவும் ஒரு சதுர மீட்டரோடு நிற்கப்போவதில்லை. ஏக்கர் கணக்கில் பரப்பத்தான் திட்டம். பேட்டரி ஈயமே நம் நாட்டில் பாதுகாப்பற்ற சின்னச்சின்னப் பட்டறைகளில், கையுறைகூட இல்லாத ஆட்களால் உருக்கப்படுகிறது. 2022இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் சூரியப் பலகைகளையும் சேர்த்துக்கொண்டன. ஆனால் 2034-35 வரை உண்டாகும் பலகைக் கழிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட வழி. எங்கே, யார் வீட்டுப் பக்கத்தில் சேமிப்பது?

பெரோவ்ஸ்கைட் பூசிய இரட்டைப் பலகைகளை ஆக்ஸ்ஃபோர்ட் பிவி நிறுவனம் 2024இல் வணிகரீதியாக அனுப்பத் தொடங்கிவிட்டது. காப்புரிமைகள் யார் கையில், ஆலைகள் யார் நிலத்தில், உடைந்த பலகை எந்தச் சேரியில் என்று கேட்க வேண்டிய நேரம் இது. பொருள் இன்னும் முழுசாகக் கெட்டிப்படாத இந்தக் கட்டத்தில்தான் கேள்விகளுக்கு உள்ளே நுழைய இடமிருக்கிறது. கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பும் செலவும் உற்பத்தியாளருடையது என்பதை முதல் பலகை இங்கே வந்து இறங்குமுன் எழுதி வாங்க வேண்டும். கூரை மேல் அது ஏறிவிட்ட பிறகு கேட்டால், 'பசுமை மின்சாரத்துக்கு எதிரானவர்கள்' என்ற பட்டம்தான் கிடைக்கும்.